இரண்டு கடை, ஒரே 1001: தரவுத்தளங்களை இணைக்கும்போது எண்கள் மோதினால்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நூல் விற்கும் ஒரு கடையையும், ஈரோட்டில் விசைத்தறிக்காரர்களுக்கும் சென்னிமலைப் போர்வை நெசவாளர்களுக்கும் நூல் விற்கும் இன்னொரு கடையையும் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள் தனித்தனியாக நடத்திவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கடையிலும் கணினியில்தான் பில் போடுகிறார்கள். மென்பொருள்கூட ஒன்றாகவே இருக்கலாம்; ஆனால் தரவுத்தளங்கள் வேறு வேறு. இப்போது கணக்கு முழுவதையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாம் என்று முடிவாகிறது. திருப்பூர்த் தரவுத்தளத்தில் 1001 என்ற எண்ணில் அவிநாசி சாலையில் உள்ள ஒரு நிட்டிங் யூனிட் இருக்கிறது. ஈரோட்டுத் தரவுத்தளத்தில் அதே 1001-இல் சென்னிமலைப் போர்வை உற்பத்தியாளர் ஒருவர் இருக்கிறார். இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால், அதன் பிறகு 1001 என்பவர் யார்?

இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரே எண்ணுக்கு இரண்டு ஆட்கள் இருப்பது முதல் சிக்கல். ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் இருப்பது இரண்டாவது. இரண்டு கடையிலும் நூல் வாங்கும் பல்லடத்துக்காரர் ஒருவர் திருப்பூரில் 764 ஆகவும் ஈரோட்டில் 2210 ஆகவும் இருப்பார். முதல் சிக்கலைத் தீர்ப்பதற்கு விதி இருக்கிறது. அந்த விதியைக் கணினி பிழையில்லாமல் செய்துமுடிக்கும். இரண்டாவதை மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பதால்தான் இணைப்பு வேலைகள் பெரும்பாலும் குழம்பிப்போகின்றன என்பது என் கருத்து. ஆகவே இந்தக் கட்டுரையிலும் முதல் சிக்கலை முழுவதுமாக முடித்துவிட்டே இரண்டாவதுக்குப் போகிறேன்.

எண் எந்த வீட்டுக்குச் சொந்தம்

இன்று பரவலாகப் பயன்படும் தொடர்புசார் தரவுத்தளங்களுக்கு அடித்தளமாக அமைந்தது, ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கோட் 1970-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. தரவை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டுவதற்கு ஒரு பிரைமரி கீயை நியமித்து, மற்ற அட்டவணைகள் அந்தக் கீயைத் தம்மிடம் எழுதிவைத்துக்கொள்வதன் மூலம் தொடர்பை உண்டாக்குவதே அதன் சாரம். அப்படி இன்னோர் அட்டவணையில் எழுதிவைக்கப்படும் கீயை ஃபாரின் கீ என்பார்கள். பில் அட்டவணையில் வாடிக்கையாளரின் பெயர் இருக்காது. 1001 என்ற எண் மட்டுமே இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு வாடிக்கையாளர் அட்டவணையில் தேடினால் பெயர், முகவரி, பாக்கி எல்லாம் கிடைக்கும்.

நடைமுறையில் இந்த எண்ணை யாரும் யோசித்து வைப்பதில்லை. புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது தரவுத்தளமே 1, 2, 3 என்று வரிசையாக அடுத்த எண்ணைக் கொடுத்துவிடுகிறது. ஈரோட்டுத் தரவுத்தளமும் 1 என்று தொடங்கியது, திருப்பூர்த் தரவுத்தளமும் 1 என்று தொடங்கியது. ஆகவே எண்கள் மோதுவது தற்செயலாக நடக்கும் விபத்தன்று. இரண்டு கடையிலும் ஆயிரம் வாடிக்கையாளர்கள் இருந்தால் ஆயிரம் எண்களும் மோதத்தான் செய்யும். வண்டி எண்ணை நினைத்துப் பாருங்கள். 4455 என்ற எண் கொண்ட வண்டி ஈரோட்டிலும் ஓடும், திருப்பூரிலும் ஓடும். முன்னால் டிஎன் 33 என்றும் டிஎன் 39 என்றும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடும், அதையடுத்து வரிசை எழுத்துகளும் இருப்பதால்தான் போலீஸ்காரர் குழம்புவதில்லை. தரவுத்தளத்துக்குள் இருக்கும் வரை 1001 என்று மட்டும் சொன்னால் போதும். வெளியே கொண்டுவந்த மறுகணமே அது 'ஈரோடு 1001' ஆகிவிட வேண்டும்.

கொட்டிவிட்டால் என்ன நடக்கும்

ஈரோட்டு வாடிக்கையாளர் அட்டவணையை அப்படியே எடுத்துத் திருப்பூர் அட்டவணையில் சேர்க்க முயன்றால், 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது' என்று தரவுத்தளம் மறுத்துவிடும். இதைத் தொல்லை என்று நினைக்கக் கூடாது. நமக்குக் கிடைக்கக்கூடியவற்றில் இதுதான் நல்ல முடிவு. இந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துச் சலித்துப்போய், 'ஏற்கெனவே இருந்தால் புதியதைக் கொண்டு மாற்று' என்ற வசதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அப்போது அவிநாசி சாலை நிட்டிங் யூனிட்டின் பெயரும் முகவரியும் அழிந்து, அந்த இடத்தில் சென்னிமலைப் போர்வைக்காரர் வந்து உட்கார்ந்துவிடுவார். 'ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு' என்ற வசதியைத் தேர்ந்தெடுத்தாலோ போர்வைக்காரர் உள்ளேயே வரமாட்டார்.

இவை இரண்டையும்விடக் கெடுதலானது ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு மட்டும் புதிய எண் கொடுத்துவிட்டு, பில் அட்டவணையை மறந்து பழைய எண்ணோடு ஏற்றிவிடுவதுதான் அது. ஈரோட்டில் போர்வைக்காரருக்குப் போட்ட பில்லில் 1001 என்றிருக்கிறது. இணைந்த தரவுத்தளத்தில் 1001 என்பவர் திருப்பூர் நிட்டிங்காரர். எண்ணுக்கு உரியவர் ஒருவர் இருப்பதால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. போர்வைக்காரர் வாங்கிய நூலின் பாக்கி நிட்டிங்காரரின் கணக்கில் ஏறிவிடும். மாதக் கடைசியில் வசூலுக்குப் போகும் பையன், 'இந்த நூலை நாங்கள் வாங்கவே இல்லையே' என்று வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் புதிய பில்கள் பலவும் அதே தரவுத்தளத்தில் சேர்ந்திருக்கும்.

கூட்டிப் போடும் வழி

கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஈரோட்டு எண்கள் அனைத்தோடும் ஒரு பெரிய தொகையைக் கூட்டிவிடுவது. ஒரு லட்சத்தைக் கூட்டினால் 1001 என்பது 101001 ஆகும். வாடிக்கையாளர் அட்டவணையில் கூட்டியதைப் போலவே, வாடிக்கையாளர் எண் எங்கெல்லாம் ஃபாரின் கீயாக வருகிறதோ அங்கெல்லாம் அதே தொகையைக் கூட்ட வேண்டும். பழைய எண்ணை அறிய ஒரு லட்சத்தைக் கழித்தால் போதும் என்பதால் பின்னோக்கித் தேடுவதும் எளிது.

சிறிய கடைகளுக்கு இந்த வழி போதுமானது; இதைத் தரக்குறைவாக நினைக்க வேண்டியதில்லை. சில எச்சரிக்கைகள் மட்டும் உண்டு. கூட்டும் தொகை, திருப்பூரில் இன்றுள்ள மிகப் பெரிய எண்ணைவிட மட்டுமல்லாமல், இனி வரும் ஆண்டுகளில் அது எட்டக்கூடிய எண்ணைவிடவும் பெரியதாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் அட்டவணைக்கு ஒரு லட்சம் தாராளம். ஆனால் பில்லின் ஒவ்வொரு வரியையும் தனிப் பதிவாக வைத்திருக்கும் அட்டவணையில் எண்கள் பல லட்சங்களைத் தாண்டியிருக்கும். அதே சமயம் வானளாவத் தொகையைக் கூட்டவும் முடியாது. வழக்கமான 32 பிட் முழு எண் நெடுவரிசையில் அதிகபட்சமாக 2147483647 வரைதான் எழுத முடியும். 64 பிட் நெடுவரிசையாக இருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஏற்றி முடித்த பிறகு, அடுத்த எண்ணைக் கொடுக்கும் கருவியையும் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் நாமாக எண் கொடுத்துப் பதிவுகளை ஏற்றினால், எண்ணைக் கொடுக்கும் சீக்வென்ஸ் நின்ற இடத்திலேயே நிற்கும். மறுநாள் காலையில் முதல் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது, ஏற்கெனவே உள்ள ஓர் எண்ணையே அது கொடுத்துப் பிழை காட்டலாம். ஆகவே இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு அதைக் கையால் நகர்த்தி வைக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இன்னோடிபி என்ற வகையைச் சேர்ந்த அட்டவணைகளில், பெரிய எண்ணை ஏற்றினால் கணக்கு தானாகவே முன்னே நகர்ந்துவிடும்.

பெயர்ப்பு அட்டவணை

கடைகள் இரண்டுக்கு மேல் இருந்தாலோ, இரண்டு கடையின் மென்பொருள்களும் வேறு வேறாக இருந்தாலோ, அல்லது ஒரு கடையில் வாடிக்கையாளர் எண்ணில் எழுத்துகள் கலந்திருந்தாலோ, கூட்டிப் போடும் வழி உதவாது. அப்போது கைகொடுப்பது பெயர்ப்பு அட்டவணை. என் தீர்ப்பைக் கேட்டால், கூட்டிப் போடும் வழி போதும் என்ற இடத்திலும் இதை ஒன்று வைத்துக்கொள்வதே நல்லது.

இந்த அட்டவணையில் நான்கு நெடுவரிசைகள் போதும்: பதிவு எந்தக் கடையிலிருந்து வந்தது, எந்த அட்டவணையைச் சேர்ந்தது, அங்கே அதன் எண் என்ன, இங்கே அதன் எண் என்ன. ஒரு வரி 'ஈரோடு, வாடிக்கையாளர், 1001, 7318' என்றிருக்கும். இன்னொன்று 'திருப்பூர், வாடிக்கையாளர், 1001, 5001' என்றிருக்கும். இரண்டு கடையின் எண்களையும் ஒதுக்கிவிட்டு, எல்லோருக்கும் புதிய எண் கொடுப்பதையே நான் விரும்புவேன். ஒரு கடையின் எண்கள் அப்படியே நிற்க, இன்னொரு கடையின் எண்கள் மட்டும் மாறினால், மாறாத கடையில் ஃபாரின் கீ எங்காவது தவறவிடப்பட்டிருந்தாலும் தெரியாது. எல்லாமே மாறும்போது, விட்டுப்போன இடம் உடனே பல்லைக் காட்டிவிடும். புதிய எண்கள் பழைய எண்களின் எல்லைக்கு அப்பால் தொடங்கியிருந்தால் இன்னும் பளிச்சென்று காட்டும்.

ஏற்றும் வரிசை முக்கியம். யாரையும் சாராத அட்டவணைகள் முதலில் வர வேண்டும்: வாடிக்கையாளர், நூல் வகை, மில். அவற்றை ஏற்றும்போதே பெயர்ப்பு அட்டவணை நிரம்பிவிடும். அடுத்ததாகப் பில்லின் தலைப்பை ஏற்றும்போது, 'ஈரோடு 1001' என்பதைப் பெயர்ப்பு அட்டவணையில் தேடி 7318 என்று எழுத வேண்டும். பில்லுக்கே கிடைக்கும் புதிய எண்ணும் அதே அட்டவணையில் பதிவாகும். அதைக் கொண்டு பில்லின் வரிகளும் வரவுச் சீட்டுகளும் பிறகு ஏறும்.

இந்த இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சற்று நின்று பார்ப்போம். பில் அட்டவணையையும் பெயர்ப்பு அட்டவணையையும் இணைத்துப் புதிய எண்களை எழுதும்போது, பழகிய கையோடு இன்னர் ஜாயின் என்ற இணைப்பைப் போட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் பொருந்தும் வரிசைகளை மட்டுமே அது தரும். ஈரோட்டில் ஒரு பில் 388 என்ற வாடிக்கையாளரைச் சுட்டுகிறது. ஆனால் யாரோ ஒருவர் அந்த 388-ஐ என்றோ அழித்துவிட்டார். ஃபாரின் கீ கட்டுப்பாடு இருந்தால் அப்படி அழிக்க முடிந்திருக்காது. ஆனால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 2010-இல் வந்த 5.5 பதிப்பில்தான் இன்னோடிபி இயல்பு வகையானது. அதற்கு முன் இயல்பாக அமைந்த மைஐசாம் அட்டவணைகள் ஃபாரின் கீயைக் காப்பதில்லை. கொங்கு நாட்டுக் கடைகளில் பில் போடும் மென்பொருள் ஓடுகிற வரை யாரும் அதில் கைவைப்பதில்லை என்பதால், அந்தக் காலத்து அட்டவணைகள் இன்னும் உயிரோடு இருந்தால் வியப்பதற்கில்லை. அப்படிப்பட்ட அநாதைப் பில்கள் இன்னர் ஜாயினில் ஓசையில்லாமல் உதிர்ந்துபோகும். பொருத்தம் கிடைக்காத பில்களையும் விடாமல் தரும் லெஃப்ட் ஜாயின் என்ற இணைப்பைப் போட்டு, புதிய எண் கிடைக்காத பில்கள் எத்தனை என்று எண்ணி, அவற்றை 'ஈரோடு, அறியப்படாத வாடிக்கையாளர்' என்ற ஒரு கணக்கின் கீழ் சேர்ப்பதே முறை. காணாமல் போன வாடிக்கையாளரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். பில்லே காணாமல் போனால் தேடத் தோன்றாது.

ஃபாரின் கீ என்று அறிவிக்கப்படாமலேயே எண்கள் ஒளிந்திருக்கும் இடங்களும் உண்டு. ஸ்கேன் செய்து வைத்த ஜிஎஸ்டி சான்றிதழின் கோப்புப் பெயர் 1001 என்றிருக்கும். குறிப்பு என்ற நெடுவரிசையில் '1043 அண்ணன் பொறுப்பு, சரக்குக் கொடுக்கலாம்' என்று கணக்குப்பிள்ளை எழுதி வைத்திருப்பார். அந்த 1043-ஐ எந்தக் கருவியும் தானாக மாற்றாது. மாற்ற முயல்வதும் ஆபத்து, ஏனென்றால் பக்கத்துக் குறிப்பில் உள்ள 1043 கிலோவாக இருக்கலாம். குறிப்புகளை எழுதியபடியே விட்டுவிட்டு, அவை ஈரோட்டிலிருந்து வந்தவை என்பதைப் பதிவிலேயே குறித்து, பழைய எண்ணைக் கொண்டு தேடும் வசதியைத் திரையில் கொடுத்துவிட்டால் போதும்.

மாற்றக் கூடாத எண்கள்

பதிவின் எண்ணும் பில் எண்ணும் வேறு வேறு. புதிதாகக் கற்பவர்கள் இதில் தடுமாறுவதுண்டு. தரவுத்தளம் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட உள் எண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அச்சிட்டு வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்ட பில் எண்ணை மாற்ற நமக்கு உரிமை இல்லை. ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில்லின் எண் 16 எழுத்துகளுக்கு மேற்படாமல், தொடர் வரிசையில், ஒரு நிதியாண்டுக்குள் தனித்ததாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை வைத்துக்கொள்ளவும் அதே விதி இடம் கொடுக்கிறது. 'நிதியாண்டுக்குள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏப்ரல் 1 பிறந்ததும் பல கடைகளில் பில் எண் மறுபடியும் 1-இலிருந்து தொடங்குகிறது. ஆகவே பில் எண் ஒரு கடைக்குள்ளேயே ஆண்டுக்கு ஆண்டு மோதும். கடை, நிதியாண்டு, பில் எண் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பில்லைத் தனித்துக் காட்ட முடியும். இப்படிப் பல நெடுவரிசைகள் சேர்ந்து அமையும் கீக்குக் கூட்டுக் கீ என்று பெயர்.

நூல் கடையில் இதற்கு இணையான இன்னொன்று லாட் எண். மில்காரர்கள் பையின் மேல் லாட் எண்ணை அச்சிட்டு அனுப்புகிறார்கள். ஒரே துணியில் இரண்டு லாட் நூல் கலந்துவிட்டால் சாயம் ஏறும்போது பட்டை பட்டையாகத் தெரியும் என்பதால் நிட்டிங்காரர்கள் இதில் கறாராக இருப்பார்கள். இரண்டு மில்கள் ஒரே லாட் எண்ணைப் போட்டிருக்கலாம். அதைத் தடுக்க யாரும் இல்லை. திருப்பூர்க் கடை ஒரே மில்லின் நூலை மட்டும் விற்றுவந்திருந்தால், லாட் எண்ணையே கீயாக வைத்து இதுவரை தொல்லையில்லாமல் காலம் தள்ளியிருக்கும். இன்னொரு மில்லின் நூலை விற்கும் ஈரோட்டுக் கடையோடு சேரும் நாளில் அது உடையும். மில்லையும் லாட்டையும் சேர்த்தே கீயாக்க வேண்டும்.

வெளியே போன எண்கள் எளிதில் சாவதில்லை. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. ஐஎஃப்எஸ்சி குறியீடு என்பதே கூட்டுக் கீதான்: 11 இடங்களில் முதல் 4 வங்கியைக் காட்டும், நடுவில் ஒரு சுழியம், கடைசி 6 கிளையைக் காட்டும். வங்கி மாறியதால் கிளைகளுக்குப் புதிய குறியீடு வந்தது. ஆனால் இணைப்பு நடந்த அன்றே பழையவை செத்துவிடவில்லை, 2022-இல்தான் நிறுத்தப்பட்டன. அத்தனை பேருடைய பில்லிலும் செக்கிலும் பழைய குறியீடு அச்சாகியிருக்கும்போது வேறெப்படிச் செய்ய முடியும்? நம் சிறிய கடையிலும் கணக்கு அதேதான். ஈரோட்டு வாடிக்கையாளர் போனில் அழைத்து 'நம்ம நம்பர் 1001-ங்க' என்று சொல்வதைப் பல ஆண்டுகளுக்கு நிறுத்தமாட்டார். பெயர்ப்பு அட்டவணை அந்த அழைப்பு வரும் வரைக்கும் இருக்க வேண்டும். இணைப்பு முடிந்ததும் இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிடக் கூடாது.

சிறிய அட்டவணைகளின் குறும்பு

வாடிக்கையாளர், பில் போன்ற பெரிய அட்டவணைகளில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். ஐந்தாறு வரிகளே உள்ள அட்டவணைகளில்தான் கோட்டை விடுவார்கள். பணம் செலுத்தும் முறைக்குத் திருப்பூரில் 1 ரொக்கம், 2 செக், 3 யுபிஐ. ஈரோட்டில் 1 செக், 2 ரொக்கம், 3 ஆர்டிஜிஎஸ். நூல் வகைக் குறியீடு 30 என்பது ஒரு கடையில் 30-ஆம் நம்பர் கோம்டு நூல். மற்றதில் 30-ஆம் நம்பர் கார்டட் நூல். விலையே வேறு. அளவை ஒரு கடை கிலோவிலும் மற்றது மூட்டையிலும் எழுதியிருக்கும். இவற்றுக்குப் புதிய எண் கொடுத்தால் மட்டும் போதாது. இரண்டு கடையின் கணக்குப்பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து, எது எதற்குச் சமம் என்று வரி வரியாக எழுதி வாங்க வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் முடியக்கூடிய வேலைதான், ஆனாலும் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஆள், இரண்டு எண்

முதல் சிக்கல் முடிந்தது. இப்போது ஒரே தரவுத்தளத்தில் எல்லோரும் மோதலின்றி இருக்கிறார்கள். பல்லடத்துக்காரர் மட்டும் இரண்டு பேராக இருக்கிறார். அதனால் கடை இயங்காமல் போய்விடாது; நேற்றுவரையும் அவர் இரண்டு பேராகத்தான் இருந்தார். ஆகவே அவசரப்படாமல் பார்க்கலாம்.

முதலில் உதவுவது ஜிஎஸ்டி எண். 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் 2 மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 பான் எண். கடைசி இடம் தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க உதவும் சரிபார்ப்பு எழுத்து. இரண்டு பதிவுகளில் முழு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரே நிறுவனம் என்று கொள்ளலாம். பான் பகுதி மட்டும் ஒன்றாக இருந்தால் உரிமையாளர் ஒருவர், பதிவு வேறு. அவர்களை ஒரே கணக்காக்குவதா வேண்டாமா என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். பதிவு வரம்புக்குக் கீழே வியாபாரம் செய்யும் சிறிய தறிக்காரர்களிடம் ஜிஎஸ்டி எண்ணே இருக்காது. அவர்களைப் பெயர், ஊர், போன் ஆகியவற்றைக் கொண்டுதான் பொருத்த வேண்டும். தலைவலி தொடங்குவது அங்கேதான்.

கொங்குப் பகுதியில் பழனிசாமி இல்லாத தெரு இல்லை. பழனிச்சாமி என்று 'ச்' சேர்த்து எழுதுவோர் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது 'டபிள்யூ' சேர்ப்பவர்கள் உண்டு. முன்னெழுத்தை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார். எழுத்து வேறுபட்டாலும் ஆள் ஒருவராக இருக்கலாம்; எழுத்து அச்சொட்டாக ஒன்றாக இருந்தும் ஆட்கள் வேறாக இருக்கலாம்.

கடையின் பெயரும் கைகொடுக்காத நேரம் உண்டு. பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ' போடாத டெக்ஸ் இங்கே குறைவு. யூனிகோடில் இந்த 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக எழுத முடியும். 'ஸ்' என்ற எழுத்தில் தொடங்கி எழுதுவது ஒன்று. 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த 'ஶ' என்ற எழுத்தைக் கொண்டு எழுதுவது மற்றொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே உருவமாகத்தான் தெரியும். கணினிக்கோ இவை வேறு வேறு சொற்கள். 'கொ' போன்ற எழுத்துகளில் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியதால் வரும் வேறுபாட்டை யூனிகோடின் சீராக்க முறை சரிசெய்துவிடும். 'ஸ்ரீ'யை அது தொடாது. பெயர்களை ஒப்பிடும் முன் எல்லா 'ஸ்ரீ'களையும் ஒரே வடிவத்துக்கு நாமே மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஊரிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2009-இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்துத் திருப்பூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. காங்கேயமும் தாராபுரமும் அதுவரை ஈரோடு மாவட்டம். ஈரோட்டுக் கடையின் பழைய பதிவில் 'காங்கேயம், ஈரோடு மாவட்டம்' என்றிருக்கும் அதே ஆள், திருப்பூர்க் கடையின் புதிய பதிவில் 'காங்கேயம், திருப்பூர் மாவட்டம்' என்றிருப்பார். மாவட்டத்தை ஒப்பிடும் விதி இவரை வேற்றாள் என்று ஒதுக்கிவிடும்.

இத்தகைய அரைகுறைச் சான்றுகளை எப்படி எடைபோடுவது என்பதற்கு இவான் ஃபெல்லெகியும் ஆலன் சன்டரும் 1969-இல் கணித அடித்தளம் ஒன்றை வகுத்தார்கள். பல மென்பொருள்கள் இன்றும் அதைத்தான் பின்பற்றுகின்றன. அதன் உட்கருத்தை எளிதாகச் சொல்லலாம். ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஓர் எடை உண்டு. அரிதான பொருத்தத்துக்கு எடை அதிகம். பழனிசாமி என்ற பெயர் பொருந்துவது இங்கே ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. மொபைல் எண் பொருந்துவது நிறையச் சொல்லும். ஊர் பொருந்தாதது கொஞ்சம் எதிராகச் சொல்லும். எடைகளைக் கூட்டி, ஒரு வரம்புக்கு மேலே போனால் ஒரே ஆள், இன்னொரு வரம்புக்குக் கீழே போனால் வேறு ஆள், நடுவில் நின்றால் மனிதர் பார்க்க வேண்டும். அந்த நடுப்பகுதியை வெட்கப்படாமல் அகலமாகவே வைக்கலாம். ஆயிரக்கணக்கில் மட்டுமே வாடிக்கையாளர்கள் உள்ள கடையில், சந்தேகத்துக்குரிய சில நூறு இணைகளை இரண்டு கணக்குப்பிள்ளைகளும் டீ குடித்துக்கொண்டே பார்த்து முடித்துவிடுவார்கள். 'இவர் அவருடைய மச்சினருங்க, கணக்கு வேற' என்று அவர்கள் சொல்வது எந்தக் கணிதத்துக்கும் எட்டாதது.

தவறு நேர்ந்தால் இரண்டு பக்கமும் இழப்பு ஒன்றாக இருப்பதில்லை. ஒரே ஆளை இரண்டாக விட்டுவைத்தால், தலா மூன்று லட்சம் கடன் வரம்பு என்று ஆறு லட்சத்துக்குச் சரக்கு போய்விடும் ஆபத்து இருக்கிறது. இரண்டு ஆட்களை ஒருவராக்கினால், ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் பாக்கியில் கழிந்து, இரண்டு வாடிக்கையாளர்களின் நம்பிக்கையும் போய்விடும், பிரிப்பதும் பெரும்பாடு. ஆகவே இரண்டு பதிவுகளைச் சேர்க்கும்போது ஒன்றை அழிக்கக் கூடாது. இரண்டையும் அப்படியே வைத்து, 'இவரும் அவரும் ஒருவரே' என்று தனியாக ஓர் இணைப்புப் பதிவைப் போட வேண்டும். பாக்கி அறிக்கை அந்த இணைப்பைப் பார்த்து இரண்டையும் கூட்டிக் காட்டும். தவறென்று தெரிந்தால் இணைப்புப் பதிவை மட்டும் நீக்கினால் போதும். பில்கள் தத்தம் இடத்தில் இருக்கும்.

சரிபார்ப்பும், மூன்றாவது கடையும்

இந்த வேலைகளையெல்லாம் முதலில் நகல் தரவுத்தளத்தில் முழுமையாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பதிவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது. நிட்டிங்காரர் பாக்கி போர்வைக்காரர் தலையில் ஏறியிருந்தாலும் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், மொத்தத் தொகையும் சரியாகவே இருக்கும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் இணைப்புக்கு முன் இருந்த பாக்கியையும் பின் உள்ள பாக்கியையும் பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். உண்மையான இணைப்பை ஞாயிற்றுக்கிழமையில் வைத்து, பழைய மென்பொருள்களில் பில் போடுவதை அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். பழையதில் ஒருவர் பில் போட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் ஏற்றிக்கொண்டிருந்தால் கணக்கு ஒருபோதும் ஒட்டாது.

நாளை கரூரில் மூன்றாவது கடை திறந்து, இணையம் அடிக்கடி துண்டிக்கப்படுவதால் அங்கே தனித் தரவுத்தளம் வைக்க நேரலாம். எண்கள் முதலிலிருந்தே மோதாமல் இருக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று யுயுஐடி எனப்படும் 128 பிட் அடையாளம். அதன் நான்காம் வகையில் 122 பிட்கள் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கப்படுவதால், இரண்டு கடைகள் பேசிவைத்துக்கொள்ளாமலே உருவாக்கினாலும் மோதும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 2024-இல் வந்த ஆர்எஃப்சி 9562 தரத்தில் சேர்ந்த ஏழாம் வகை நேரத்தை முன்னால் வைத்துத் தொடங்குவதால், புதிய பதிவுகள் வரிசையாகவே சேர்ந்து, பதிவுகளை விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ் சிதறாமல் இருக்கும். ஆனால் எழுத்தில் 36 இடங்கள் வரும் இதைப் போனில் யாரும் சொல்ல முடியாது. ஆகவே வாடிக்கையாளருக்குச் சொல்ல ஒரு சிறிய எண்ணும் கூடவே வேண்டும். மற்ற வழி, மைஎஸ்கியூஎல் போன்றவற்றில் ஒவ்வொரு கடைக்கும் தொடக்க எண்ணையும் தாவும் அளவையும் அமைத்துக்கொடுப்பது. திருப்பூர் 1, 11, 21 என்றும், ஈரோடு 2, 12, 22 என்றும், கரூர் 3, 13, 23 என்றும் போகும். கடைகள் இப்போது இரண்டுதானே என்று ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்துவிட்டால் கரூருக்கு எண்ணே மிஞ்சாது. தாவும் அளவைத் தொடக்கத்திலேயே 10 என்று வைத்துவிட்டால் பத்தாவது கடை வரை தாங்கும்.